மிளகின் வழியே ஒரு பயணம்

வெளிநாட்டுப் பயணத்திற்குத் திட்டமிடுவோர் முதலில் காண வேண்டிய இடங்களைப் பட்டியலிடுவர். பட்டியல் நீண்டுகொண்டே செல்லும். கையிலுள்ள நாள்களோ நீளா. முடிவில், எல்லா இடங்களையும் கண்டும் எதையும் அறியாமல் திரும்ப நேரிடும். ஓரிடம் மற்றோரிடத்தை விளக்குமாறு வரிசைப்படுத்துவதே நல்ல பயணத்திட்டத்தின் அடிப்படையாகும். பழஞ்சின்னங்கள், அருங்காட்சியகங்கள், அங்காடிகள், கடற்கரைகள் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த எகிப்து இதற்குத் தக்க சான்றாகும்.

காலமும் நாள்களும்

கோடையில் தென்எகிப்தின் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்துவிடும். எனவே, நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே ஏற்றது. எட்டு நாள்கள் கிடைப்பின் கெய்ரோவிற்கு மூன்று, லக்சருக்கு இரண்டு, செங்கடற்கரைக்கு மூன்று எனப் பகுத்துக்கொள்ளலாம். நகரங்களுக்கிடையே செல்லும் நேரத்தையும் இக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

கெய்ரோவும் லக்சரும்

கெய்ரோவை அடுத்த கிசாவில், ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் எழுந்த கூஃபுவின் பிரமிடு நிற்கிறது. வெயில் ஏறுமுன் அதனைக் கண்டு, நண்பகலை அருங்காட்சியகத்திற்கு ஒதுக்கலாம். எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தில் மன்னர் இரண்டாம் ராம்செசின் பதப்படுத்தப்பட்ட உடல் உள்ளது. கி.மு. 1213இல் மறைந்த அம்மன்னரின் நாசித் துளைகளில் மிளகு வைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். மிளகோ தென்னிந்திய மலைச்சாரல்களுக்கு உரிய கொடி.

அச்செய்தியை அறிந்தவர் மாலையில் கான் எல் கலீலி அங்காடிக்குள் நுழைந்தால், மூட்டைகளில் குவிந்துள்ள மிளகைப் புதிய கண்ணோடு காண்பார். பதினான்காம் நூற்றாண்டில் தோன்றிய இவ்வங்காடியில் பேரம் பேசுதல் வழக்கம். இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டறிந்த பின்னர் வாங்குவது நன்று.

கெய்ரோவிலிருந்து இரவுத் தொடர்வண்டியில் புறப்பட்டால் காலையில் லக்சரை அடையலாம். அங்குள்ள கர்னாக் கோயிலின் 134 தூண்கள் கொண்ட மண்டபம், ராம்செசின் காலத்தில் நிறைவு பெற்றது. அருங்காட்சியகத்தில் உடலாகக் கண்ட மன்னரை இங்குக் கல்லில் காணலாம்.

கடற்கரை

இறுதி மூன்று நாள்கள் ஓய்வுக்குரியவை. செங்கடலின் பவளப்பாறைகளைத் தொடாமலும் மிதிக்காமலும் நீந்திக் காணலாம். குசேர் நகருக்கு வடக்கே 8 கி.மீ. தொலைவில் குசேர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகம் மண்மேடாய்க் கிடக்கிறது. கி.மு. 30இல் உரோமர் எகிப்தைக் கைப்பற்றிய பின், இந்தியாவுடனான கடல்வணிகம் இத்துறை வழியே பெருகியது. இறங்கிய சரக்குகள் பாலைவனம் கடந்து நைல் ஆற்றை அடைந்தன. தெற்கிலுள்ள பெரனிகே துறைமுகத்தில், ஏறத்தாழ 7.5 கிலோ மிளகுடன் இந்தியத் தாழி ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. குசேர் அல் காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் ‘கணன்’, ‘சாதன்’ என்னும் பெயர்கள் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மற்றோர் ஓட்டில், உறியில் வைக்கும் பானையைக் குறிக்கும் ‘பானை ஒறி’ என்னும் தொடர் உள்ளது.

முன்னறிவின்றி வருவோர்க்கு இது வெறும் மண்மேடு, விரைந்து கடந்துவிடுவர். மிளகின் தடம்பற்றி வந்தவரோ, கடல் கடந்து வந்த தமிழ் வணிகர் கரையிறங்கிய மண்ணில் நிற்பதை உணர்வார். பயணத்தின் வரிசைமுறை தரும் பயன் இதுவே.