பேட்டரியைக் கழற்றாதீர்கள்!

"செல்போனின் பேட்டரியைக் கழற்ற வேண்டாம். சார்ஜ் தீர்ந்து போகவும் விடவேண்டாம்."

இப்படி ஓர் எச்சரிக்கை, 2009-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் வெளியாயிற்று. வெளியிட்டது டி-மொபைல் என்ற டெலிபோன் கம்பெனி. "சைடுகிக்" என்ற செல்போனை வைத்திருந்தவர்களுக்காக இந்த எச்சரிக்கை.

கழற்றினால் என்ன ஆகும்?

போனில் உள்ள பெயர்கள், நம்பர்கள், குறித்து வைத்த தேதிகள், படங்கள் எல்லாம் மறைந்துவிடும்!

காரணம் இதுதான். சைடுகிக் போன், விவரங்களை நிரந்தரமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. அவை கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கும். போன் அணைந்து எழுந்தால், அங்கிருந்து மறுபடி வாங்கிக்கொள்ளும். அந்தக் கம்ப்யூட்டர்களை நடத்தியது மைக்ரோசாப்டுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம். அதன் பெயர் "டேஞ்சர்". அதாவது ஆபத்து! பெயர் வைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பெரிய கம்ப்யூட்டர்களில் கோளாறு ஏற்பட்டது. மூலமும் கெட்டது, காப்பாக வைத்திருந்த நகலும் கெட்டது. விவரங்கள் அநேகமாக அழிந்தே போயின என்று அக்டோபர் 10-ந் தேதி அறிவித்தார்கள். சைடுகிக் வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். பெற்ற தாயின் நம்பரைக்கூட எத்தனை பேர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்?

வானத்தில் அல்ல!

பெரிய கம்ப்யூட்டர்களில் விவரங்களைச் சேர்த்து வைக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் இன்று "கிளவுட்" என்கிறார்கள். கிளவுட் என்றால் மேகம். ஆனால் வானத்தில் ஒன்றும் இல்லை. பெரிய பெரிய கட்டிடங்களில், வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடுகின்றன.

1996-ல் வந்த "பைலட்" என்ற கையடக்கக் கருவியை, வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைந்த ஒரு தாங்கியில் வைத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டிலும் உள்ள நம்பர்களும் தேதிகளும் ஒன்றாகும். இப்போது பொத்தானும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். மாமாவின் புதிய நம்பரைப் போனில் எழுதினால், அது இன்டர்நெட் வழியாகக் கிளவுடுக்குப் போகிறது. அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வருகிறது. கல்யாணத் தேதியைக் கம்ப்யூட்டர் காலண்டரில் குறித்தால், போன் நினைவூட்டுகிறது. கூகுள், ஆப்பிள் இரண்டிலும் இந்த வசதி உண்டு. இதற்கு "சிங்க்" என்று பெயர்.

போன் தொலைந்தாலும் கவலை இல்லை. புதுப் போனில் பழைய கணக்கைத் திறந்தால், நம்பர்கள் வந்துவிடும். ஆனால் அவை அந்தக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். சிம் கார்டில் மட்டும் பதிந்த நம்பர் சிம்மோடு போய்விடும்! ஆகவே புது நம்பரைப் பதியும்போது, அது எங்கே பதிவாகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

அழித்தாலும் அப்படியே!

எழுதியது எல்லா இடத்துக்கும் போவதுபோல, அழித்ததும் போகும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கணவனும் மனைவியும் ஒரே கணக்கைத் தங்கள் போன்களில் வைத்திருந்தால், கணவர் "இது யார் நம்பர்?" என்று அழித்த நம்பர் மனைவியின் போனிலும் இருக்காது. கம்ப்யூட்டரிலும் இருக்காது. வீட்டில் சண்டைக்கு வேறு காரணம் வேண்டுமா?

கூகுளில் அழித்த நம்பர், குப்பைக்கூடையில் 30 நாள் இருக்கும். அதற்குள் மீட்கலாம். பிறகு முடியாது. கம்ப்யூட்டரில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து "எக்ஸ்போர்ட்" என்பதை அமுக்கினால், எல்லா நம்பர்களும் ஒரே பைலாக இறங்கும். அந்தப் பைலைத் தனியே ஒரு பென் டிரைவில் வைத்துவிட்டால், போனில் எதை அழித்தாலும் அது மாறாது. முக்கியமான பத்து நம்பர்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் கேவலம் அல்ல.

நம்பர்கள் கிடைத்தனவா?

சைடுகிக்காரர்களின் கதி என்ன ஆயிற்று? அக்டோபர் 15-ந் தேதி, பெரும்பாலான விவரங்களை மீட்டுவிட்டதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. முதலில் திருப்பிக் கொடுத்தவை பெயர்களும் நம்பர்களும்தான். படங்கள் பிறகுதான் வந்தன.