ஓடாத காரின் மதிப்பு

இத்தாலியின் மாரனெல்லோ நகரைச் சேர்ந்த ஃபெராரி நிறுவனம் தன் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 1987இல் அறிமுகப்படுத்திய எஃப்40, 1988இல் மறைந்த நிறுவனர் என்ஸோ ஃபெராரியின் ஒப்புதலுடன் வெளிவந்த கடைசிப் புதிய கார் என்பதால், சேகரிப்பாளர்களிடையே தனிச்சிறப்புப் பெற்றுள்ளது. வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் டர்போ கருவிகள் இரண்டைக் கொண்ட இக்கார், மணிக்கு 324 கி.மீ. வேகத்தை எட்டக்கூடியது.

1992 வரை சுமார் 1,300 கார்களே தயாரிக்கப்பட்டன என்றாலும், அவற்றுள் மிகக் குறைவாக ஓடியவற்றையே சேகரிப்பாளர்கள் பெரிதும் நாடுகின்றனர். எடையைக் குறைப்பதற்காக மெல்லிதாகப் பூசப்பட்ட சிவப்பு வண்ணத்தின் ஊடே தெரியும் கார்பன் இழைகளின் நெசவும், கதவின் உட்புறத்தில் கைப்பிடிக்குப் பதிலாகத் தொங்கும் இழுகயிறும் தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே அவற்றில் எஞ்சியிருக்கின்றன. ஒருமுறை மறுவண்ணம் பூசப்பட்டால் அந்த மூலத்தன்மையை எவ்வளவு செலவழித்தாலும் மீட்க முடியாது.

எனினும், ஓடாமல் நிற்பதே ஒரு காரைக் காத்துவிடுவதில்லை. பந்தயக் கார்களில் உள்ளதைப் போன்ற ரப்பர் எரிபொருள் பைகளும், எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டும், டயர்களும் ஓடாவிட்டாலும் முதுமையடைவதால், அவற்றைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டியுள்ளது. ஆகவே, குறைந்த கிலோமீட்டருடன் முறையான பராமரிப்புப் பதிவேடும் இணைந்திருக்கும் காரே உண்மையில் மதிப்பு மிக்கது.