மானாவாரி நிலத்திற்குக் கழிவு தரும் தழைச்சத்து

கோலார் தங்கவயலில் நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்ற சுரங்கத் தொழில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் முடிவுற்றது. நகரைச் சூழ்ந்த செம்மண் மேட்டுநிலங்களிலோ கேழ்வரகும் நிலக்கடலையும் தொடர்ந்து விளைகின்றன. இம்மண்ணில் கரிமப் பொருளும் தழைச்சத்தும் குறைவு. கடன் பெற்று யூரியா இடும் உழவர், மழை பொய்த்தால் விளைச்சலையும் உரச் செலவையும் ஒருங்கே இழக்கிறார். கழிவுப் பொருள்களை உரமாக்குவது இந்த இழப்பைக் குறைக்கும் வழியாகும்.

அளவும் காலமும்

மானாவாரிக் கேழ்வரகுக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம், எனவே 10 டன் இட்டால் கணக்கின்படி 50 கிலோ கிடைக்க வேண்டும். ஆனால் முதல் பருவத்தில் பயிருக்குக் கிட்டுவது அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். எஞ்சியது மண்ணில் தங்கிப் பின்னரே சிறிது சிறிதாக வெளிப்படும். சுமார் 4 சதவீதம் தழைச்சத்துள்ள புங்கம் பிண்ணாக்கு இதனினும் விரைவில் பயன் தரும்.

நிலக்கடலைத் தோல், வைக்கோல் போன்றவற்றில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. இவற்றை மட்கச் செய்யாமல் இட்டால், நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறும். கரிமம் தழைச்சத்தைப் போல் 20 மடங்குக்கு மேற்படாத அளவு மட்கிய பின்னரே இடுவது நன்று.

பெங்களூர் முறை

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா 1939இல் நகரக் குப்பையை உரமாக்கும் முறையொன்றை வகுத்தார். குப்பையையும் மனிதக் கழிவையும் குழியில் அடுக்கடுக்காக இட்டு மண்ணால் மூடுவதால் தழைச்சத்தின் இழப்பு குறைகிறது. ஆறு மாத அளவில் உரம் பக்குவமாகும். மனிதக் கழிவைக் கையால் அள்ளுவது இன்று சட்டப்படி குற்றம். அதற்கு மாற்றாகச் சாணக் கரைசலைப் பயன்படுத்தலாம். சந்தைக் காய்கறிக் கழிவு, பட்டுப்புழு வளர்ப்பு மனைகளின் எச்சம், புங்கந்தழை ஆகியன இம்முறைக்கு ஏற்றவை.

தங்கவயலில் ஓர் எச்சரிக்கை தேவை. 'சயனைடு மேடு' என மக்கள் அழைக்கும் குவியல்கள், தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட, இரசாயன எச்சம் கொண்ட பாறைத் தூளாகும். அத்தூளைக் கொண்டு உரக்குழியை மூடலாகாது.

இணைந்த உரமே ஏற்றது

பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய நீண்டகாலக் கேழ்வரகுச் சோதனையில், 10 டன் தொழு உரத்துடன் பரிந்துரைத்த இரசாயன உரமும் இட்ட நிலமே கூடுதலான, நிலையான விளைச்சலைத் தந்தது. ஆதலின் மட்கிய உரத்தை விதைப்புக்கு முன் அடியுரமாக இட்டு, எஞ்சிய தேவைக்கான யூரியாவை மழையின் போக்கறிந்து மேலுரமாக இடுவதே சிக்கனமாகும். நகராட்சி குப்பையைத் தரம் பிரித்துத் தந்தால்தான் இம்முறை உழவரைச் சென்றடையும்.