இணையத்திற்கும் உண்டு வரவு செலவுக் கணக்கு!

மாதத்தின் இருபதாம் தேதி. மகனுக்கு இணையவழிப் பாடம் நடந்துகொண்டிருக்கின்றது. திடீரென்று ஆசிரியரின் உருவம் அசைவற்று நின்றுவிடுகின்றது. இரவில் வெளிநாட்டிலிருந்து அத்தா பேசுகின்றார். முகம் தெரியவில்லை, குரல் துண்டு துண்டாக வருகின்றது. "எல்லாம் நீ விளையாடித் தீர்த்ததுதான்" என்று பிள்ளையின் தலையில் பழி விழுகின்றது. ஆதாரமற்ற சந்தேகத்தைத் திருமறை கண்டிக்கின்றது. ஆகவே, பழி சுமத்துமுன் கணக்கைப் பார்ப்பதன்றோ முறை? அதைப் பார்க்கும் விதத்தை இங்கே காண்போம்.

வேகம் வேறு, அளவு வேறு

விளம்பரத்தில் 100 எம்.பி.பி.எஸ். என்றிருப்பது வேகம், அது குழாயின் அகலம் போன்றது. மாதத்திற்கு இத்தனை ஜி.பி. என்பது அளவு, அது தொட்டியிலுள்ள நீர் போன்றது. வேகத்தைப் 'பிட்' கணக்கிலும் அளவைப் 'பைட்' கணக்கிலும் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் வினாடிக்கு 12.5 எம்.பி.தான் இறங்கும். ஆயினும் முழு வேகத்தில் இடைவிடாது இறங்கினால் ஒரு மணி நேரத்தில் 45 ஜி.பி. கரைந்துவிடும்.

'வரம்பற்றது' என்று விற்கப்படும் திட்டங்கள் பலவற்றிலும் ஒரு வரம்பு உண்டு. பல திட்டங்களில் அது மாதத்திற்கு 3,300 ஜி.பி.; விலை குறைந்தவற்றில் அதைவிடக் குறைவு. வரம்பு தாண்டியதும் இணைப்பு அறுவதில்லை, வேகம் குறைக்கப்படுகின்றது. அவ்வாறு குறைக்கும்போது 512 கே.பி.பி.எஸ்.க்குக் கீழே போகலாகாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016இல் பணித்தது. அந்த வேகத்தில் எழுத்தும் குரலும் வந்துசேரும்; காணொளி திணறும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

ஒரு மணி நேரம் கிராஅத்தை ஒலியாக மட்டும் கேட்டால் ஏறத்தாழ 60 எம்.பி.தான் செலவாகும். அதே ஒரு மணி நேரம் எச்.டி. தரத்தில் படம் பார்த்தால் 3 ஜி.பி. வரை ஆகும், 4கே தரமென்றால் 7 ஜி.பி. வரை. யாரும் பாராமல் வரவேற்பறையில் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சிக்கும் இதே செலவுதான்.

பெரும்பாலான திட்டங்களில் நாம் அனுப்புவதும் கணக்கில் சேரும். வாசலில் பொருத்திய கேமரா, பதிவுகளை இணையச் சேமிப்பகத்திற்கு வினாடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓயாமல் அனுப்பினால் நாளொன்றுக்கு 10.8 ஜி.பி., மாதத்திற்கு 324 ஜி.பி. ஆகின்றது! வீட்டிலுள்ள ஹார்டு டிஸ்க்கிலேயே பதிவு செய்தால் இச்செலவு இல்லை. திருமண வீட்டில் எடுத்த வீடியோக்களைக் கைப்பேசி தானாகவே பிரதி எடுத்து அனுப்புவதும், கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதும் இவ்வகையே. பழி சுமந்த பிள்ளை இவற்றில் எதற்கும் பொறுப்பல்ல.

செய்ய வேண்டியவை

இணைப்புப் பெறுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வேகம் எவ்வளவு? மாத வரம்பு எவ்வளவு? வரம்பு தாண்டியபின் வேகம் எவ்வளவு? கணக்கு எந்தத் தேதியில் புதிதாகத் தொடங்குகின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ வாரம் ஒருமுறை செலவைப் பாருங்கள். பத்து நாளில் பாதி தீர்ந்திருந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்திவையுங்கள். சிறிய திரைக்கு 4கே தேவையில்லை. வை-ஃபை கடவுச்சொல்லை அவ்வப்போது மாற்றுங்கள். அண்டை வீட்டாருக்கு உதவுவது நற்செயலே. ஆயினும் இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால், அதில் நடப்பவற்றுக்கு முதற்கேள்வி உங்களிடம்தான் வரும் என்பதை மறவாதீர்கள்.

ஓடும் ஆற்றில் ஒளுச் செய்யும்போதும் நீரை அளவோடு பயன்படுத்தப் பயிற்றுவிக்கப்பட்ட சமுதாயம் நாம். கண்ணுக்குத் தெரியாத இந்த நீரோட்டத்திலும் அந்த ஒழுங்கு நமக்கு வேண்டும். மிச்சப்படுத்திய அளவு, மாதக் கடைசியில் பிள்ளையின் பாடத்திற்கும், தொலைவிலிருக்கும் அத்தாவின் முகம் காண்பதற்கும் உதவும், இன்ஷா அல்லாஹ்.