ஓசையின்றி வரும் சைக்கிள்

தளவாய்புரத்தில் காலை எட்டரை மணி. தையல் வேலைக்குச் செல்வோரும் பள்ளிக்குச் செல்லும் மாணவர்களும் சாலையின் இடது ஓரத்தில் சைக்கிளில் போகிறார்கள். சிலர் பெடலை மிதிக்கிறார்கள். சிலரோ மிதிக்காமலேயே அவர்களை முந்திச் செல்கிறார்கள்! அவர்கள் ஓட்டுவது மின்சார சைக்கிள். இவ்விரு வகையினரும் ஒரே ஓரத்தைப் பகிர்ந்துகொள்ள முடியுமா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, வேறு சில நிபந்தனைகளும் பொருந்தினால், அந்த வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. ஆனால் இயற்பியல் விதிகளிலிருந்து அதற்கு விலக்கு உண்டா? இல்லை!

நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 4.2 மீட்டர். மின்சார சைக்கிள் 25 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வந்தால், அது வினாடிக்கு 6.9 மீட்டர். எதிரே ஓர் ஆடு குறுக்கிடுகிறது. அதைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகிறது. பிறகு வேகம் ஒவ்வொரு வினாடியும் 3 மீட்டர் வீதம் குறைகிறது. கணக்கிட்டால், நீங்கள் 7 மீட்டரில் நின்றுவிடுவீர்கள். மற்றவருக்கோ 15 மீட்டர் வேண்டும்!

வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லையே, தூரம் மட்டும் ஏன் இரண்டு மடங்காயிற்று? இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அவ்வளவு ஆற்றலையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். மின்கலமும் மோட்டாரும் சேர்ந்து வண்டியின் எடையைக் கூட்டுவதால், மோதினால் அடியும் பலமாக விழும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்மோட்டார் இரைவதில்லை. பின்னால் வண்டி வருவது தெரியாமல், குழியைத் தவிர்க்க நீங்கள் சட்டென்று வலப்பக்கம் திரும்பக்கூடும்.

இதற்கு வழி எளிது. முந்துபவர் 20 மீட்டருக்கு முன்பே மணியடிக்க வேண்டும். இருவரின் வேக வேறுபாடு வினாடிக்கு 2.8 மீட்டர்தான். ஆகவே ஒதுங்க 7 வினாடிகள் கிடைக்கும். அதன்பின் வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு, வலப்பக்கமாக முந்தலாம். மிதித்துச் செல்பவர்களும் மூவர் நால்வராக வரிசை கட்டாமல், ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும்.

ஐதராபாத்தில் 2023இல் திறக்கப்பட்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதையானாலும் சரி, நம் ஊர்ச் சாலை ஓரமானாலும் சரி, இந்தக் கணக்கு ஒன்றுதான்.

பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். மெதுவாக ஒரு முறையும், சற்று வேகமாக ஒரு முறையும் சைக்கிளில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடியுங்கள். நின்ற தூரங்களை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்!