வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சர் வேலை: வரி எங்க கட்டணும்?

நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "வியட்நாம்ல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போறேன். அந்தச் சம்பளத்துக்கு இந்தியாவிலயும் வரி உண்டா?"

பதில் நாள் கணக்கில் இருக்கு. வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்புற இந்தியக் குடிமக்கள், அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, 182 நாளுக்குக் குறைவா இங்க இருந்தா நான்-ரெசிடென்ட். வெளிநாட்டுல சம்பாதிச்சு அங்கேயே வாங்குற சம்பளத்துக்கு இங்க வரி கிடையாது. 182-ஐத் தொட்டுட்டா ரெசிடென்ட். பொதுவா, உலகத்துல எங்க சம்பாதிச்சாலும் இங்க கணக்குக் காட்டணும்.

ஒரு உதாரணம். செப்டம்பர் 15-ஆம் தேதி ஃபிளைட். கிளம்புற நாளையும் சேர்த்தா 168 நாள் முடிஞ்சிருக்கும். மிச்சம் 13. அங்க டெட் புத்தாண்டுக்கு நீளமா லீவு விடுவாங்க. 'சரி, ஊருக்குப் போவோம்'னு வந்து 14 நாள் இருந்தீங்கன்னா, கணக்கு 182. முடிஞ்சது! 'குறைவு'க்கும் 'குறைவு அல்லது சமம்'க்கும் உள்ள வித்தியாசம் கோடு எழுதுறவங்களுக்கு நல்லாவே தெரியும். இங்க அது பணம்.

வியட்நாமுக்குத் தனிக் கணக்கு. அங்க 183 நாள் இருந்தா ரெசிடென்ட், 5 முதல் 35 சதவீதம் வரை படிப்படியான வரி. அதுக்குக் குறைவா இருந்தா சம்பளத்துக்கு நேரா 20 சதவீதம்.

அப்போ ரெண்டு நாட்டிலயும் முழுசா கட்டணுமா? வேண்டாம். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கு. அங்க கட்டின வரியை, அதே வருமானத்துக்கு இங்க வர்ற வரி அளவுக்குக் கழிச்சுக்கலாம். அதுக்குத் தனிப் படிவமும், வரி கட்டின ஆதாரமும் வேணும். வேலையை விட்டுட்டு வந்தப்புறம் அந்தச் சான்றிதழுக்கு அலையறது கஷ்டம். அங்க இருக்கும்போதே வாங்கிடுங்க.

இன்னும் ரெண்டு விஷயம். நான்-ரெசிடென்டா இருந்தாலும், சம்பளத்தை நேரா இந்திய அக்கவுண்ட்ல வாங்காதீங்க. இந்தியாவில் பெற்ற வருமானம்னு இங்க வரி வரலாம். முதல்ல அங்க உள்ள பேங்க்ல வாங்கி, அப்புறம் வீட்டுக்கு அனுப்புங்க. ரெசிடென்ட் ஆயிட்டா, அந்த பேங்க் அக்கவுண்டையும் ரிட்டர்ன்ல காட்டணும்.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி காலண்டரை எடுத்து நாளை எண்ணுங்க. பாஸ்போர்ட்ல முத்திரை உள்ள பக்கங்களை ஸ்கேன் பண்ணி வைங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!