இருப்புப்பாதை தந்த பட்டறிவு

நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடும்போது பெற்றோர் சிலர் என்னிடம் சொல்லும் குறை ஒன்று உண்டு. "பையன் தொண்ணூறு மார்க் வாங்குகிறான் சார். ஆனால் தனியாக ஊருக்குப் போய் வா என்றால் தயங்குகிறான்." பாடம் பள்ளியில் கிடைக்கும், பட்டறிவு வெளியில்தான் கிடைக்கும். ரயில்வேயில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பாதைப் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில், நான் கண்டவற்றைச் சொல்கிறேன்.

திருச்சியில் சிவில் டிப்ளமா முடித்து, 1982-ல் பாதை ஆய்வாளர் பயிற்சிக்கு மத்தியப் பிரதேசம் வந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. 1968-ல் தமிழகத்தில் இருமொழிக் கொள்கை வந்த பிறகு வளர்ந்த தலைமுறை நாங்கள். இந்தியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சாத்புரா மலைப் பக்கம் ஒரு சிறிய ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ், ஒரு பம்பு ஸ்டவ், இரண்டு பாத்திரம். வீட்டுக்குக் கடிதம் போட்டால் பதில் வரப் பத்து நாளாகும். அப்பாவிடம் யோசனை கேட்டு முடிவெடுக்கலாம் என்றால், பதில் வருமுன் காரியமே முடிந்துவிடும். ஆகவே, சம்பளத்தில் எவ்வளவு மணியார்டர் அனுப்புவது, காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் போவது என்பதெல்லாம் நானே தீர்மானித்தேன்.

மொழியைக் கற்றுத் தந்தவர்கள் கேங்மேன்கள். நான் மலேரியாவில் படுத்திருந்தபோது கஞ்சி கொண்டு வந்தவரும் ஒரு கேங்மேனின் மனைவிதான். தன் காலில் நிற்பது என்றால் யார் உதவியும் வேண்டாம் என்று இருப்பதல்ல, யாரிடம் எதைக் கேட்கலாம் என்று அறிந்திருப்பது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் பெரிய பாடம் ஒரு கீமேனிடமிருந்து வந்தது. கீமேன் என்பவர் தம் எல்லைக்குட்பட்ட பாதையை நாள்தோறும் நடந்து பார்ப்பவர். போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றொன்று. கையில் சுத்தியல், ஸ்பானர், சிவப்பு, பச்சைக் கொடிகள், தொழிலாளர்கள் 'பட்டாக்கா' என்று சொல்லும் டெட்டனேட்டர்கள்.

இரும்பு குளிரில் சுருங்கும். 13 மீட்டர் தண்டவாளம், வெப்பம் 30 டிகிரி குறைந்தால் சுமார் நாலரை மில்லிமீட்டர் குறுகும். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளத்தில் அப்படிக் குறுக இடமில்லை. அந்த இழுவிசை முழுவதும் உள்ளேயே தங்கி, பலவீனமான பற்றவைப்பைப் பிளந்துவிடும். ஒரு ஜனவரி விடியற்காலையில் அப்படி ஒரு பிளவை அந்தக் கீமேன் கண்டார். நான் உடனிருந்தேன். ஓர் எக்ஸ்பிரஸ் வரும் நேரம். என்னைக் கொடியுடன் அந்த இடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, வண்டி வரும் திசையில் சிவப்புக் கொடியைக் காட்டிக்கொண்டே ஓடினார். அகலப் பாதையில் விதி இதுதான்: 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. சக்கரம் ஏறியதும் அவை வெடித்துச் சாரதியை எச்சரிக்கும். சற்று நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. வண்டி நின்றது.

கையெழுத்துக்குப் பதில் கைரேகை வைப்பவர் அவர். "மேலதிகாரியைக் கேட்காமல் எக்ஸ்பிரஸை நிறுத்த எப்படித் தைரியம் வந்தது?" என்று பிறகு கேட்டேன். "கேட்டுவிட்டு வருவதற்குள் வண்டி வந்துவிடுமே, சாகேப்" என்றார். ஆபத்தைக் கண்டால் வண்டியை நிறுத்தும் பொறுப்பை, கடைசிப் படியில் இருக்கும் ஊழியருக்கும் ரயில்வே விதி கொடுத்திருக்கிறது. பொறுப்பைக் கொடுத்து, பழக்கி, நம்பினார்கள். தைரியம் அதிலிருந்துதான் வந்தது.

நம் பிள்ளைகள் விஷயமும் இதுதான். அப்துல் கலாம் அவர்கள் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். 1939-ல் உலகப் போர் தொடங்கியபோது அவருக்கு வயது எட்டு. ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தானதால், ஓடும் வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசினார்கள். அவற்றைப் பிடித்துக் கொடுத்து முதல் கூலி பெற்ற பெருமையைப் பல்லாண்டுகள் கழித்தும் அவர் மறக்கவில்லை.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, வீட்டு மின்கட்டணம் கட்டுவதும் மளிகைக் கணக்கு எழுதுவதும் அவள் வேலை என்று ஒப்படைத்தோம். 2004-ல், பதினேழு வயதில், நாக்பூரிலிருந்து திருச்சிக்குத் தனியாகப் போகிறேன் என்றாள். உறவினர் பலர், "பெண் பிள்ளையை இப்படி அனுப்பலாமா?" என்று கண்டித்தார்கள். என் மனைவிக்கும் இரண்டு நாள் உறக்கமில்லை. இருந்தும் அனுப்பினோம். வண்டி தாமதமாகிச் சென்னையில் எழும்பூர் இணைப்பு தவறிப்போனது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள்: "அப்பா, அந்த வண்டி போய்விட்டது. பெண்கள் காத்திருப்பு அறையில் இருக்கிறேன். காலை வண்டிக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன்." என்ன செய்யட்டும் என்று அவள் கேட்கவில்லை, செய்ததைச் சொன்னாள். அன்றுதான் என் மனைவி நிம்மதியாகத் தூங்கினாள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு உற்றார் அருகில் இல்லை. அதனால் பிள்ளைகளைக் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளத் தோன்றுவது இயல்பு. ஆனால் நாளை வேலை அவர்களை எந்த ஊருக்கு அழைக்கும் என்று யார் அறிவார்? தன் கையே தனக்கு உதவி என்பது சும்மா வந்த பழமொழியல்ல. இந்த மாதமே ஒரு சிறு பொறுப்பை ஒப்படையுங்கள். வங்கி வேலையாகட்டும், பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதமாகட்டும், ஊருக்கு டிக்கெட் எடுப்பதாகட்டும். செய்து முடிக்கும்வரை பின்னால் நின்று திருத்தாமல் இருங்கள். பெற்றோருக்கு அதுதான் கடினம்.